மூன்றாம் முறை வந்த கத்தரிக்காய்

கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் கணவர் என் சமையலை நல்லது என்று சொன்னதே கிடையாது. உப்பு கூடிப்போச்சு, புளி காணாது, தேங்காய்ப்பாலை முந்தி விட்டிட்டீர், மீன் உடைஞ்சு போச்சு. ஏதாவது ஒன்று இருக்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, அவர் முதல் வாய் வைத்ததும் இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. "நாளைக்கு நீங்கள் அடுப்பில நில்லுங்கோ, நான் கதிரையில இருந்து பிழை சொல்லுறன்" என்பேன். அவர் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார். குறை சொன்ன கறியில் ஒரு சொட்டுக்கூட மிஞ்சாது. எங்கள் வீட்டில் பாராட்டு என்றால் அதுதான்.

அப்படிப்பட்ட மனிதர், குடலில் புற்றுநோய்க்கு ஆப்பரேஷனும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மருந்தேற்றலும் முடிந்து வீட்டுக்கு வந்த பின்பு, நான் எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு வாய் சாப்பிடுவார், நல்லா இருக்கு என்பார், கோப்பையை மெல்லத் தள்ளி வைப்பார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பயமாக இருந்தது. சண்டை பிடிக்கிற மனிதனோடு காலம் தள்ளிவிடலாம். எதற்கும் நல்லா இருக்கு என்கிறவனோடு என்ன செய்வது?

டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். உள்ளுக்குள் ஒரு தடையும் இல்லை, எதையும் சாப்பிடலாம், உறைப்பும் சாப்பிடலாம், மருந்து கெடுத்த வாய்ருசி மெல்லத்தான் திரும்பும். ஆனால் உடம்பின் நிறை இறங்கிக்கொண்டே போகிறது. அடுத்த கிளினிக்குக்கு வரும்போதும் இறங்கியிருந்தால், மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டி வரும்.

அந்தக் குழாயை அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் அனுபவித்தவர். அதோடு கிடந்த நாட்களில் பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்த அன்று, லண்டன் எலிசபெத் லைன் ரயிலில் இல்ஃபோர்டுக்குத் திரும்பி வரும்போது, ரயில் நிலத்துக்கு மேலே வந்து வெளிச்சம் படுகிற இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"திரும்பக் குழாய் எண்டால் எனக்கு வேண்டாமப்பா. அதுக்குப் பேந்து நான் எழும்பமாட்டன்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ" என்றேன். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும். கைப்பைக்குள் கையை விட்டுச் செபமாலையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாத சமையல் இல்லை. ஒடியல் கூழ், நண்டுக் கறி, ஆட்டெலும்பு ரசம், பாற்சோறு. ஆஸ்பத்திரியில் தந்த மில்க் ஷேக் போத்தல்கள் பிரிட்ஜில் வரிசையாக நின்றன. எல்லாமே நல்லா இருந்தன. எதுவும் உள்ளே போகவில்லை. நோர்பரியில் இருக்கிற அவருடைய அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், அவ தண்ணிக் கஞ்சியை முன்னால் வைத்து, "ஏலாட்டி விடு ராசா" என்று கண்ணைத் துடைப்பா. ராசாவும் உடனே விட்டுவிடுவார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கஞ்சியை நானே குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நோய் வருவதற்கு முந்தி இவர் மற்றவர் வீட்டில் வைத்த சாப்பாட்டை மிச்சம் விட்டு நான் பார்த்ததே இல்லை. அப்படி விட்டால் சமைத்தவர்களை அவமதித்ததாக நினைக்கிற மனிதர். ஒருமுறை சவுத்தாலில் அவரோடு வேலை செய்த ஒருவரின் வீட்டில் பாயாசத்துக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஒரு வாயோடு வைத்துவிட்டார்கள். இவர் முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு, வழியில் தண்ணீர்ப் போத்தல் வாங்குவதற்காகக் காரை நிறுத்தினார். இந்த மரியாதை நோய் வருத்தத்தோடு போயிருக்காது. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இவருடைய வருத்தம் தெரியும். விடு, ஏலாட்டி விடு என்று அவர்களே வழி காட்டிவிடுகிறார்கள். இவர் நோயாளி என்று தெரியாத ஒருவர் இவர் முன்னால் கோப்பை வைக்க வேண்டும்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி இந்தோனேசியாக்காரி. வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை அவளும் கணவனும் மேனர் பார்க் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அவள் சமையல், அவன் பரிமாறல், மேல்மாடியில் வீடு. சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் துடைத்த துணியை அப்படியே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. என் கணவனிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். அவனுக்குத் தெரிந்தால் அவனும் கஞ்சி வைப்பான்."

கடைக்குப் போவோம் என்றால் இவர் வரமாட்டார். ஆகவே, என்னோடு வேலை செய்கிறவள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். இதில் பொய் எதுவும் இல்லை, அவள் வா என்று சொன்னவள்தானே. முகத்தைச் சுளித்தார். பிறகு, "கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் விடுறதே" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஞாயிறு பூசை முடிந்து நேரே போவதாக ஏற்பாடு. கோயில் வாசலில் இவர் நின்றுவிட்டார்.

"வெறுங்கையோடயோ போறது?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போது கையில் ஏதாவது இல்லாமல் போக எங்கள் ஆட்களுக்கு வராது. கடைக்குத்தான் போகிறோம் என்று வாய் திறக்கவும் ஏலாது. அவர் தமிழ்க் கடைக்குள் போய் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தகர டப்பா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். தடிமனான கோட்டுக்குள் தோள் தொங்க, வாழைப்பழப் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இருந்தார். நான் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையை ஏறிட்டுப் பார்த்தார். உள்ளே ஏழெட்டு மேசை, மூலையில் கல்லாப்பெட்டி, இரண்டு மேசைகளில் ஆட்கள்.

"உது கடையெல்லோ?"

"மேல வீடு, கீழ கடை. கீழதான் மேசை பெரிசு, அதுதான் எங்களைக் கீழ இருத்தினம்" என்றேன். நினைக்கவே இப்போதும் பெருமையாக இருக்கிறது, எவ்வளவு கெதியாக வந்தது அந்தப் பதில்.

கடைக்காரன் வந்தான். கட்டையான, சிரித்த முகக்காரன். இவர் வாழைப்பழத்தையும் பிஸ்கட் டப்பாவையும் இரண்டு கைகளாலும் நீட்டினார். கடைக்குச் சாப்பிட வந்தவன் பழம் கொண்டுவந்து கொடுப்பதை அவன் எந்த நாளில் கண்டிருக்கப் போகிறான்? ஒரு கணம் விழித்தான். பிறகு தலையைக் குனிந்து, நெஞ்சில் கையை வைத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான். சமையலறைக் கதவிடுக்கால் என் சிநேகிதி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கடையில் மெனு கிடையாது. கேட்டு வாங்குவதும் இல்லை. அவள் கணவனின் ஊர் வழக்கம் அப்படி. நாங்கள் கதிரையை இழுத்து இருக்க முன்னமே அவன் இடது கையில் தோள்வரைக்கும் சின்னச் சின்னக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று. வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க மேசை மூடிப்போயிற்று. தேங்காய்ப்பாலில் வற்ற வைத்த கறுத்த மாட்டிறைச்சி, மஞ்சள் குழம்பில் மீன், பலாக்காய், அவித்த மரவள்ளி இலை, நெத்தலியும் கச்சான் கடலையும் சேர்த்த பொரியல், பச்சை மிளகாய்ச் சம்பல், இவருக்கு நேரே செக்கச் சிவந்த மிளகாயில் புரட்டிய கத்தரிக்காய். ரம்பை இலை மணக்கிற சோறு நடுவில்.

"இவ்வளவும் ஆருக்கு?" என்று இவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்களுக்குத்தான். கூப்பிட்டு வைக்கினம், என்ன செய்யிறது?"

"என்னால ஏலாதெண்டு உமக்குத் தெரியுமெல்லே."

"அவைக்குத் தெரியாதே" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய பார்வை. சண்டைக்கு முன்னால் வருமே, அது. பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கையைக் கழுவ வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணீரில் விரல்களை நனைத்தார். பக்கத்து மேசைக்காரர்களும் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டி பிடிக்க வேண்டியதில்லை என்றதில் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

கிட்ட இருந்தது கத்தரிக்காய். இரண்டு மூன்று துண்டுதான் அந்தக் கோப்பையில். கொஞ்சச் சோற்றோடு ஒரு துண்டைப் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். நான் பார்க்காத மாதிரி மீனில் முள் எடுத்தேன். மரியாதைக்காக அந்தக் கோப்பையை முழுக்க முடித்து ஓரமாக வைத்தார். ஒரு வீட்டாரின் கடன் தீர்ந்தது என்கிற முகத்தோடு தண்ணீர் குடித்தார்.

அந்த வழியால் போன கடைக்காரன் வெறுங் கோப்பையைக் கண்டான். முகம் மலர்ந்தது. தூக்கிக்கொண்டு போய் நிறைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் வைத்தான்.

இவர் என்னைப் பார்த்தார். "திரும்ப வைச்சிட்டார்."

"விருப்பமாச் சாப்பிடுறீங்கள் எண்டு நினைக்கிறார்."

"வேண்டாமெண்டு சொல்லும்."

"நீங்கள் சொல்லுங்கோ. உங்களைத்தானே பாத்துச் சிரிக்கிறார்."

சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். அந்த மனிதன் அங்கே நின்று தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். இவரும் பதிலுக்குச் சிரித்துவிட்டு மறுபடியும் சோற்றில் கையை வைத்தார். இந்தமுறை கொஞ்சம் மீன் குழம்பும் விட்டுக்கொண்டார். மெல்ல, மிக மெல்ல. இடையில் கையை மேசை விளிம்பில் வைத்து மூச்சு வாங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது. காணும், எழும்புவோம் என்று சொல்ல வாய் வந்தது. ரயிலில் அவர் சொன்ன சொல் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டேன். அவர் இரண்டாவது கோப்பையையும் முடித்தார். முடித்ததுதான் தாமதம், கோப்பை மேசையில் இல்லை.

எங்களுக்குக் கோப்பையில் மிச்சம் விட்டால் வீட்டாருக்கு அவமானம். அவர்களுக்கு விருந்தாளியின் முன்னால் கோப்பை வெறுமையாக இருந்தால் அவமானம். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடுவில் கத்தரிக்காய்தான் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் முறை வந்தது. சிநேகிதி சமையலறை வாசலில் நின்று, கணவனைத் தடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். இவர் பெருமூச்சு விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். இரண்டு தரம் மென்றார். நிறுத்திவிட்டார்.

சரி, இனி ஏலாது என்று நினைத்தேன். கை துடைக்கிற தாளைத் தயாராக எடுத்தேன். அவர் தாடை மறுபடியும் அசைந்தது. விழுங்கினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோப்பையைப் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்காமல் இருக்க என் பக்கம் குனிந்தார்.

"இஞ்ச பாரும். இதுக்குப் புளி காணாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன சொன்னனீங்கள்?"

"கத்தரிக்காய்க்குப் புளி காணாதெண்டன். தக்காளிப் புளியோட விட்டிட்டினம். கொஞ்சம் பழப்புளி கரைச்சு விட்டிருந்தால் ருசியைத் தூக்கிக் குடுத்திருக்கும்." கொஞ்சம் பொறுத்து, தானே ஆச்சரியப்பட்டவராய், "முந்தின ரெண்டு தரமும் எனக்கு அது தெரியேல்லை" என்றார்.

என் கண்ணீர் பொலபொலவென்று சோற்றுக்குள் விழுந்தது. மாதங்களாக ஆஸ்பத்திரிக் கொரிடோரிலும் அழாத ஆள் நான். கடைக்காரன் ஓடிவந்து, மிளகாய் கூடிவிட்டதா என்று பதறிக் கேட்டான். ஓம், மிளகாய்தான், நல்ல மிளகாய் என்று ஆங்கிலத்தில் சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. வேலை வந்துவிட்டது அவருக்கு. மாட்டிறைச்சியை எடுத்து வாயில் வைத்து, "இதில பிழை சொல்லேலாது" என்றார். பலாக்காய்க்கு உப்பு மட்டு. மரவள்ளி இலை இன்னும் கொஞ்சம் அவிந்திருக்கலாம். நெத்தலிக்குச் சீனி போட்டதை அவரால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு குறையையும் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டார். நான் ஒரு ராணியைப் போல எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு தட்டில் மாவில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரித்த வாழைப்பழம் வந்தது. கடைக்காரன் அதை இரண்டு கைகளாலும் இவர் முன்னால் வைத்தான், இவர் கொடுத்த மாதிரியே.

"இது நாங்கள் கொண்டந்த பழமெல்லோ?"

"ஓம். சாப்பிடுங்கோ, உங்கட சாமான்தான்."

சாப்பிட்டார். அவர் கைகழுவப் போன நேரம் பார்த்து ஓடிப்போய்ப் பில்லைக் கட்டினேன். அவருக்கு அது தெரியாது, இதைப் படித்தால்தான் தெரியும்.

மறுநாள் பள்ளியில் சிநேகிதி சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "எல்லாவற்றையும் சாப்பிட வேண்டியதில்லை அக்கா. விருப்பமானதைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை விடலாம். தொடாத கோப்பை அப்படியே திரும்பிப் போகும். உன் கணவரைப் போல எல்லாவற்றையும் காலியாக்கிய ஆளை என் கணவன் கண்டதில்லை. அவருக்குச் சொல்லிவிடு."

"வாயைத் திறந்தாயோ தெரியும்" என்றேன்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும், அவள் கூப்பிட்டிருக்கிறாள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்; பில்லைக் கட்டுவது அவர் கைகழுவுகிற நேரத்தில்தான். எடுத்து வைத்த கோப்பைகள் எல்லாம் வெறுமையாகின, வெறுமையானவை எல்லாம் நிறைந்து வந்தன. பிஸ்கட் டப்பாவுக்குப் பதிலாக ஒருமுறை இவர் பழப்புளிப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்ச் சிநேகிதியிடம் கொடுத்தார், பரிசு என்று சொல்லி. அடுத்த வாரம் கத்தரிக்காய் கொஞ்சம் கறுப்பாக வந்தது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, பிழை ஒன்றும் சொல்லாமல் கோப்பையை வழித்தார். கிழமை நாட்களில் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு இறங்கியது. வீட்டில் இன்னும் குறை சொல்ல வாய் திறக்கவில்லை. நல்லா இருக்கு என்று சொல்வதும் நின்றிருந்தது. நான் காத்திருந்தேன்.

கிளினிக் நாள் வந்தது. தராசில் ஏறுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். குனிந்து நானே கழற்றிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாதி எண்ணைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் பழையதைப் பார்த்தாள், இன்னொருமுறை ஏறி நிற்கச் சொன்னாள்.

"கூடியிருக்கிறது" என்றாள். "நன்றாகவே கூடியிருக்கிறது. குழாய்க் கதையே இனித் தேவையில்லை." பிறகு அவரைப் பார்த்து, "என்ன சாப்பிடுகிறீர்கள்? வீட்டில் யார் சமைக்கிறது?" என்று கேட்டாள்.

இவர் தராசில் நின்றபடியே, காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைக் காட்டினார். சுத்தமான ஆங்கிலத்தில், அந்த அறைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என் மனைவிதான். பரவாயில்லை. ஆனால் புளி எப்போதும் போதாது."

தாதி சங்கடப்பட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிரவு கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். புளியைக் கையில் எடுத்து, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை. கொஞ்சத்தைக் கிள்ளித் திரும்பப் போத்தலுக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கரைத்துச் சட்டிக்குள் விட்டேன். மேசையில் கோப்பையை வைத்துவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு, அவர் பிழை சொல்ல வாயைத் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.